பத்து வினாடி பிந்திச் சிரித்த வருஷம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு நாங்கள் நாலு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒன்றாகப் படம் பார்ப்போம். ஒருத்தி தேனியில், ஒருத்தி கம்பத்தில், ஒருத்தி குமுளியில், நான் சின்னமனூரில். டிவியில் படம் ஓடும். பக்கத்தில் தண்ணிச் செம்பில் சாய்த்து வைத்த செல்போனில் வீடியோ கால் ஓடும். எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று தேனிக்காரி "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணுவாள். மூணு என்றதும் ரிமோட்டை அமுக்க வேண்டும்.

நாலு பேரும் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதற்கு மேல் அவர்கள் மூன்று பேரும் பத்தாம் வகுப்புக்குப் போனார்கள், நான் ஒரு தையல் கடை மெஷினில் உட்கார்ந்தேன். அவர்கள் பேசிக்கொண்டே கடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு பட்டனுக்குக் காஜா எடுத்துப் பழகியவள் நான். இப்போது தேனிக்காரி இங்கிலீஷ் டீச்சர். கம்பத்துக்காரி வீட்டில் திராட்சைத் தோட்டம். குமுளிக்காரியின் வீட்டுக்காரர் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். எல்லையிலேயே இருந்து இருந்து இவள் பேச்சில் பாதி மலையாளம். ஒரு காதுகுத்து விசேஷத்தில் பல வருஷம் கழித்துச் சந்தித்தோம், அப்படியே இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் வந்தது.

யோசனை டீச்சருடையது. படம் பார்க்கிற ஆப்பின் பாஸ்வேர்டும் அவளுடையதுதான். ஒரே பாஸ்வேர்டை நாலு வீட்டில் வைத்திருக்கிறோமே, யாராவது விசாரிக்க வருவார்களோ என்று முதல் மாதம் வாசல் மணி அடித்தாலே டிவியை அணைத்துவிடுவேன். இது சின்னக் கவலை. பெரிய கவலை முதல் வாரமே வந்துவிட்டது.

"நம்ம ஊருப் படம் என்னைக்கும் பாக்கலாம். வெளிநாட்டுப் படம் பாப்போம்டி. கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். எல்லாருக்கும் சரிதான?" என்றாள் டீச்சர்.

மற்ற இருவரும் சரி என்றார்கள். போன் திரையில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மூன்று பேரும் என்னையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது.

"ஓ, நான் பாக்குற டிசைன் புக்கெல்லாம் இங்கிலீஷ்தான" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் புத்தகங்களில் நான் பார்ப்பது படம் மட்டும். நின்று யோசிக்காமல் எனக்கு வாசிக்க வரும் இங்கிலீஷ் வார்த்தைகள் பஸ்ட், வெய்ஸ்ட், ஹிப், ஸ்லீவ். ஒரு வருஷத்தில் ஒரு படத்தில்கூட இந்த நாலும் வரவில்லை. ஓடுகிற எழுத்தில் மூன்றாவது வார்த்தைக்கு வருவதற்குள் பேசியவர் எழுந்து போய் வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

முதல் படத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மேஜையில் சாப்பிட்டபடி இருபது நிமிஷம் பேசினார்கள். போனில் மூன்று பேரும் திடீரென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

"ஏத்தா, ஒன் நெட்டு என்ன மாட்டு வண்டியிலயா வருது?" என்றாள் கம்பத்துக்காரி.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து டீச்சர் மூணு சொன்ன பிறகு மனசுக்குள் பதிமூன்று வரை எண்ணி, அப்புறம்தான் ரிமோட்டை அமுக்கினேன். என் படம் பத்து வினாடி பின்னால் ஓடியது. அவர்கள் சிரிப்பு முன்கூட்டியே வந்துவிடும். அந்த இடம் என் டிவியில் வரும்போது நான் தயாராக இருந்து சிரிப்பேன். குமுளிக்காரி மூக்கை உறிஞ்சினால் அழுகை வரப்போகிறது என்று லைனிங் துணியில் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்வேன். எல்லாப் பழியையும் நெட் ஏற்றுக்கொண்டது. ஒருநாள் கேபிள்காரர் வந்து, "அக்கா, ஒங்க தெருவுக்கு ஸ்பீடு கூட்டப் போறோம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமை குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டேன். நெட் நல்லாகிவிடக் கூடாது என்று அந்தச் சன்னிதியில் வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"எதுக்கு வேண்டிக்கிட்ட?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எல்லாம் குடும்பத்துக்குத்தான்" என்றேன்.

தெரிந்தால் அவர்கள் திட்டுவார்கள் என்று நான் பயப்படவில்லை. பாவம் என்பார்கள். கொஞ்ச நாள் எனக்காகத் தமிழ்ப் படம் போடுவார்கள். அப்புறம் மூன்று பேர் மட்டும் தனியாகப் பேசி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். மறுபடியும் நான் ஜன்னலில் உட்கார வேண்டும். அதுதான் பயம்.

படம் முடிந்ததும் ஆளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது டீச்சர் வைத்த சட்டம். நான் எப்போதும் கடைசியில் "எனக்கும் அதேதான்" என்பேன். ஒருநாள் அவள் விடவில்லை. "நீ மொதல்ல சொல்லு" என்று பிடித்துக்கொண்டாள். கதையில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே கோட்டு. ஒரு பட்டன் மட்டும் வேற கலரு. அந்தப் பட்டன யாரோ மாத்தித் தச்சுக் குடுத்திருக்காக."

கால் கட்டாகிவிட்டதோ என்று செம்பை நகர்த்திப் பார்த்தேன்.

"ஏய்... அதுதான்டி படமே!" என்றாள் டீச்சர். "நாங்க ஒருத்தியும் கவனிக்கலயே!"

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் இதைச் சொன்னாளாம். அடுத்த வாரமும் என்னையே முதலில் கேட்டுவிடுவாளோ என்று எனக்கு இரண்டு நாள் இதே யோசனை.

வருஷம் முடியப் போகும்போது அவளே குண்டைத் தூக்கிப் போட்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் டெய்லர் வீட்டுக்கு வர்றோம். அவதான நடுவுல இருக்கா. ஒரே டிவி. நெட்டுத் தகராறே இல்ல."

"முகூர்த்தப் பிளவுஸ் மலையாக் கெடக்குடி" என்றேன்.

"நாங்க கொக்கி வச்சுத் தாரோம்" என்றாள் குமுளிக்காரி.

"இங்கன காத்து ஜாஸ்தி, கரண்டு நிக்காது."

"கம்பத்துல மட்டும் காத்த கட்டிப் போட்டிருக்காகளா?" என்றாள் கம்பத்துக்காரி.

"வீட்ல வெள்ளையடிக்கிறோம்."

பின்னாலிருந்து இவர், "நம்ம எப்ப வெள்ளையடிச்சோம்?" என்று போனில் கேட்கும்படி கேட்டார்.

வந்தார்கள். கம்பத்துக்காரி ஒரு பெட்டி பன்னீர்த் திராட்சை கொண்டுவந்தாள், குமுளிக்காரி நேந்திரங்காய் வறுவல். என்ன படம் என்று டீச்சர் கடைசி வரை சொல்லவில்லை. பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்தோம். இவர் டீக்கடைப் பக்கம் நகர்ந்துகொண்டார்.

படத்தில் ஒரு கிழவர், அவர் மனைவி, ஒரு பழைய வீடு. முன்னால் வந்து வழி சொல்ல எந்தச் சிரிப்பும் இல்லை. ஓரக்கண்ணால் மூன்று வாய்களையும் கவனித்தேன். வாயைப் பார்த்தால் படம் போய்விடுகிறது.

"டிவி அங்கன இருக்கு. என் மூஞ்சியில என்னத்தப் பாக்குற?" என்றாள் கம்பத்துக்காரி.

சரி, இந்தத் தடவை நாமே முந்திக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். கிழவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தொப்பி கண்ணை மூடியிருந்தது, வாய் திறந்திருந்தது. மனைவி வந்து உலுக்கினாள். தொப்பி நழுவிச் சூப் கிண்ணத்தில் விழுந்தது. இதற்குச் சிரிக்காமல் வேறு எதற்குச் சிரிப்பது? தொடையில் தட்டி, உடம்பு குலுங்கச் சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. குமுளிக்காரி திரும்பினாள். கண் நிறையத் தண்ணீர்.

"செத்துப் போயிட்டாருடி."

"தூங்குறாருன்னு..."

"இன்னைக்குத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னது கீழ வந்துச்சே."

டீச்சர் படத்தை நிறுத்தினாள். வீட்டுப்பாடம் எழுதாதவளைக் கண்டுபிடிக்கும் பார்வை ஒன்று இருக்கிறதே, அப்படி என்னைப் பார்த்தாள்.

"நீ படிக்கல."

"வேகமா ஓடுதுடி."

"எத்தன படமா?"

"எல்லாப் படமும்."

முதலில் வெடித்துச் சிரித்தவள் கம்பத்துக்காரி. "அப்ப அந்தக் கோட்டு?"

"அது கோட்டுதான். பட்டன் வேறதான். அதுக்கு மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இவ ஸ்டாஃப் ரூம் பூராம் சொல்லி வச்சிருக்காளே, ஆத்தாடி!" என்று பாயில் புரண்டாள். குமுளிக்காரி அழுத கண்ணோடு சிரித்தாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"பொழுதன்னைக்கும் நாப்பது பிள்ளைகளுக்கு நான் அதத்தான சொல்லிக் குடுக்குறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க ஒனக்கு என்னடி?"

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அவள் பை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். வாசல் பக்கம் இருந்தது. அப்படியே கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். வந்தவள் என் முழங்கால் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டை வாங்கினாள்.

"மொதல்ல இருந்து" என்றாள்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். ஆனால் அவளுக்கு வந்தது பாடப் புத்தகத் தமிழ். கிழவி கிழவரைப் பார்த்து, "நீர் என் இளமையை வீணடித்துவிட்டீர், அற்பரே!" என்றாள்.

"எந்த ஊருப் பொண்டாட்டிடி இப்புடி வைவா? நகரு" என்று கம்பத்துக்காரி கிழவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஏ மனுசா, ஒன்னயக் கட்டி நான் என்ன சொகத்தக் கண்டேன்" என்று அவள் ஆரம்பித்ததும் படம் சின்னமனூருக்கு வந்துவிட்டது. டாக்டரைக் குமுளிக்காரி கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த டாக்டர் பாதி மலையாளத்தில் பேசினார். கிழவர் டீச்சருக்கே மிஞ்சினார்.

தொப்பி விழும் இடம் மறுபடி வந்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மற்ற மூன்று பேரும் அழவில்லை. அந்த இடத்தில் டாக்டர் பேசுவதா, கிழவி பேசுவதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, கால் வந்ததும் நானே முந்திக்கொண்டு சொன்னேன். "எனக்காக நீங்க எதுக்குடி தொண்டை வறளக் கத்தணும்? பேசாம ஒரு தமிழ்ப் படமாப் போட்ருவோம்."

"தமிழ்ப் படத்துல அவுகளே பேசிருவாக" என்றாள் கம்பத்துக்காரி. "அப்பறம் நான் என்னத்தப் பேச?"