தண்ணீர் படாத அன்னக்கூடை

காலை ஏழு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, சோறு கொட்டி வைக்கும் ஓர் அலுமினிய அன்னக்கூடை. வாசலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியிலிருந்து விளிம்பு வரை விரிசல். அதன் பின்னால், பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த விஸ்வநத்தத்துப் பெண் ஒருத்தி நின்றாள்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருஷங்கள் அவை. நான் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தைய பட்டாசு சீசனில் பெரும்பாலும் வெடி விபத்துச் செய்திகள். அண்ணன் பஸ் பாடி கட்டும் பட்டறையை விட்டு வந்து, வீட்டின் பின்னறையில் சின்ன வெல்டிங் மிஷின் ஒன்று வைத்திருந்தார். விசையை அழுத்தினால் கம்பி தானாக வெளியே வரும். அலுமினியக் கம்பி மெத்தென்றிருக்கும். கம்பி வரும் குழாய் வளைந்தால் உள்ளேயே மடிந்து சிக்கிக்கொள்ளும். அதனால் குழாயை நேராக நீட்டி வைத்துத்தான் வேலை செய்வார். பற்றவைக்கும் இடத்தை மூடிக் காக்கும் கேஸ் காற்றில் கலைந்துவிடும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவார்.

"ஊருக்கு வருசத்துல ஒரு நாளு. இவுகளுக்கு வீட்டுக்குள்ளயே தினமும் தீபாவளி" என்பார் மதினி.

இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று பட்டாசுக் கம்பெனிகளில் வெடிமருந்து அள்ள அலுமினியப் பாத்திரம் வைத்திருப்பார்கள். அதனால் யார் எதைக் கொண்டுவந்தாலும் அண்ணனுக்கு ஒரே கேள்விதான்.

"சோத்துக்கா, மருந்துக்கா?"

"சோத்துக்குத்தாண்ணே. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரருக்குத் தெவசம். வடிச்சுக் கொட்ட வேற ஏனம் இல்ல."

அவள் கணவர் முந்தைய சீசனில் மருந்து அறை வெடித்து இறந்தவர். அந்தச் செய்தியை அனுப்பியவன் நான்.

அண்ணன் பாத்திரத்தைப் பின்னறைக்குக் கொண்டுபோய் வயர் பிரஷ்ஷை எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு உட்புறத்தை விரலால் தடவினார்.

"இதக் கழுவவே இல்லையே, தாயி."

"துணியால நல்லாத் தொடச்சேண்ணே."

"சோத்து ஏனத்த யாராவது துணியால தொடச்சுக் கொண்டாருவாகளா?"

அலுமினியத் தூள் கலந்த வெள்ளி மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். அதனால் மருந்துப் பாத்திரத்தை அங்கே யாரும் தண்ணீரில் காட்டுவதில்லை. விளிம்பைச் சுருட்டிய மடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியது.

"இதுலதான் அள்ளுவாரு" என்றாள். "விரிசல் விட்டிருச்சுன்னு, வெடிக்கிறதுக்கு முந்தின நாளு வீட்டுக்குக் கொண்டாந்தாரு. தண்ணி மட்டும் பட விட்றாதன்னு சொல்லிட்டு மறுநாள் வேலைக்குப் போனாரு."

"தண்ணியில முக்காம நான் கை வைக்க மாட்டேன், தாயி. இரும்புன்னா செவந்து காட்டும். இது சொல்லாமலே உருகிரும். உள்ள மருந்து இருந்தா என் மூஞ்சியே போயிரும்."

"அப்ப வேணாம்ண்ணே."

அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் வரை போனாள். கொண்டியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, முற்றத்துச் சிமெண்டுத் தொட்டிக்குள் அதை இரண்டு கையாலும் அழுத்தினாள். மடிப்பிலிருந்து குமிழ்கள் வரிசையாக மேலே வந்தன. தண்ணீரின் மேல் வெள்ளிப் படலம் ஒன்று பரவியது.

"முக்கிட்டேன்" என்றாள். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. தாழ்ந்த குரல்; பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் சொல்வது போல.

அண்ணன் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் வைத்தே மடிப்பைக் குறட்டால் பிரித்தார். தண்ணீர் தெளிகிற வரை மாற்றி மாற்றிக் கழுவினார். வெயிலில் காய வைத்து, பிரஷ் போட்டு, மத்தியானம் விரிசலைப் பற்ற வைத்தார். அறைக்குள் சரசரவென்று சத்தம் கிளம்பியதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. மதினி போய்த்தான் எடுத்துவிட்டார்.

தெவசத்தன்று சோற்றை அதில்தான் கொட்டி வைத்திருந்தார்கள். நானும் அண்ணனும் சாப்பிட்டோம்.