நீலப் பாவாடைக்காரியின் கை

செருப்புக் கடையின் கண்ணாடி அலமாரியில் வலது கால் மட்டும்தான் நிற்கும். இடது கால் பின்பக்கக் கிடங்கில், கூரையை முட்டும் அட்டைப் பெட்டிகளில் ஏதோ ஒன்றுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் வலது காலை மாட்டிப் பார்த்துவிட்டு "இதுக்கு ஜோடி?" என்று கேட்டதும் ஏணியில் ஏறி, பெட்டி மேலிருக்கும் எண்ணைக்கூடப் பார்க்காமல், சரியான இடது காலோடு இறங்கி வருவதுதான் அண்ணியின் வேலை. முப்பது வருஷமாக அதே கடை, அதே ஏணி. இப்போதைய முதலாளி அந்தக் கடையில் தவழ்ந்து செருப்பைக் கடித்த காலம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் அவன் அவளிடம் சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

அவளை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு. அவள் கணவனுடைய தங்கை. கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, போன ஜிப்பை மாற்றுவது என்று துணி திருத்திப் பிழைக்கும் அந்தத் தங்கையைத் தெருவில் டெய்லரம்மா என்பார்கள். டெய்லரம்மா பார்த்த அண்ணியைப் பற்றியதுதான் இந்தக் கதை என்பதால் நாமும் அண்ணி என்றே சொல்லிக்கொள்ளலாம்.

ஆறு நாள் செருப்புக்கு ஜோடி தேடுகிறவள் ஏழாம் நாளாவது சும்மா உட்காரலாம். அண்ணிக்கு உட்காரத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் டெய்லரம்மாவின் கதவைத் தட்டிவிடுவாள். இரண்டு பேரும் துணிப் பைகளோடு மேம்பாலத்துக்கு அடியில் கூடும் பழைய பொருள் சந்தைக்குப் போவார்கள். தார்ப்பாய் தார்ப்பாயாக விரித்திருப்பார்கள். நின்றுபோன கடிகாரம், காது உடைந்த பீங்கான் நாய், யாருடைய கல்யாணத்துக்கோ வந்து யாருக்கும் பிடிக்காமல் போன பூச்சாடி, தலைமுடி கொட்டிய பொம்மை.

அண்ணி சந்தை பார்க்கும் விதமே தனி. முதல் சுற்றில் எதையும் தொடமாட்டாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி மாதிரி நடப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது சுற்றில்தான் கை வெளியே வரும். பீங்கானை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பாள். முழுசாக இருந்தால் ஒலிக்கும். ஒட்டவைத்தது என்றால் தொண்டை கட்டியவன் குரல் வரும். பொம்மை என்றால் எடுத்ததும் முகத்தைப் பார்க்கமாட்டாள். முதலில் பின்கழுத்தில் செய்தவர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பாள், பிறகு துணியை மோந்து ஈரவாடை அடிக்கிறதா என்று பார்ப்பாள், படுக்கவைத்தால் இரண்டு கண்ணும் ஒன்றாக மூடுகிறதா என்று பார்ப்பாள். வேண்டிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்திலிருக்கும் வேண்டாத பொருளைப் பற்றி விசாரிப்பாள். ஆனால் எந்தப் பொருளையும் அதன் சொந்தக்காரர் எதிரில் மட்டமாகப் பேசமாட்டாள். ஒருமுறை, வீட்டைக் காலி செய்யும் அம்மாள் ஒருத்தி சர்க்கரைச் சாடியை ஒரு மூலையிலும் அதன் மூடியை இன்னொரு மூலையிலும் வைத்திருந்தாள். அண்ணி இரண்டையும் சேர்த்துவைத்து, "இப்ப நல்ல விலைக்குப் போகும்மா" என்று சொல்லிவிட்டு, வாங்காமலே வந்துவிட்டாள். வழியெல்லாம் டெய்லரம்மா திட்டினாள். அண்ணி காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அண்ணி தேடுவதெல்லாம் ஒற்றைகளைத்தான். ஜோடியில் ஒன்று உடைந்து மற்றொன்று மிஞ்சியவை. மற்றவர்கள் ஒதுக்கிவிட்டுப் போவதால் மலிவாகக் கிடைக்கும். சந்தைக்காரர்கள் அவளுக்கு ஒத்தையக்கா என்று பெயர் வைத்து, கிடைத்த ஒற்றைகளைத் தனியாக எடுத்துவைப்பார்கள். வீட்டு அலமாரியில் ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் வைப்பாள். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவன், டெய்லரம்மாவின் அண்ணன், வருகிறவர்களிடமெல்லாம் அலமாரியைக் காட்டி, "இந்த வீட்டுல ஜோடியோட இருக்கிறது நான் ஒருத்தன்தான்" என்பான்.

அந்த ஒற்றைகளுக்கெல்லாம் ராணி நீலப் பாவாடைக்காரி. ஒரு சாண் உயரப் பீங்கான் பெண். வலது கையை இடுப்பு உயரத்தில் நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, கண்ணைத் தாழ்த்தி நிற்பாள். அந்த உள்ளங்கையில் மட்டும் மெருகு இல்லை. இந்தக் கை இன்னொரு கையின் மேல் இருந்த கை, இவள் நடனக்காரி, எங்கேயோ ஓர் ஆண் உள்ளங்கையை மேலே திருப்பிக்கொண்டு நிற்கிறான் என்பது அண்ணியின் கணக்கு. வருஷக்கணக்காக அவனைத் தேடினாள். வெயிலில் கால் கடுக்கும்போதெல்லாம், "இவளை ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டா அப்புறம் எனக்கு இந்த அலைச்சல் இல்லைம்மா" என்பாள், வயசு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறவள் மாதிரி. டெய்லரம்மா அந்தப் பேச்சை அப்படியே நம்பினாள். வம்பு அங்கேதான் வந்தது.

ஒருநாள் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிச் சீருடையின் விளிம்பை இறக்க வேண்டும். டெய்லரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தரையில் உட்கார்ந்து மடிப்பைக் குத்தினாள். அந்தக் குழந்தை ஒரு இடத்தில் நிற்கவில்லை. தாய் அவள் தலையில் கையை வைத்து மெல்ல அழுத்திக் குனிந்து பார்த்தாள். குழந்தை அடங்கி நின்றது. தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்த டெய்லரம்மாவுக்குக் குண்டூசி விழுங்கியது போல் ஆகிவிட்டது. நீலப் பாவாடைக்காரியின் அதே தோள். அதே கை. அதே குனிந்த கண்.

அவள் தையல் மேசையின் மேல் ஒரு பீங்கான் சிறுமி உண்டு. தையல் கடை போட்ட நாளில் அண்ணி சந்தையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது. நீலப் பாவாடைக்காரி அண்ணி கையில் கிடைப்பதற்கும் முந்திய சமாசாரம் அது. சிறுமி ஒற்றை என்று யாருக்கும் தோன்றியதில்லை. முன்பாவாடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். அந்த ஏந்தலில் டெய்லரம்மா பொத்தான்களைப் போட்டுவைப்பாள், கழுத்தில் அளவு நாடாவைச் சுற்றிவைப்பாள். உச்சந்தலையில் காசளவு நிறம் இல்லை. உரிந்துபோனது என்று நினைத்துச் சொட்டைச்சி என்று பெயரும் வைத்திருந்தாள்.

தாயும் மகளும் போனதும் பொத்தான்களைக் கொட்டிவிட்டு, படிந்திருந்த சாக்கட்டித் தூளை ஈரத்துணியால் துடைத்தாள். பாவாடை விளிம்பில் ஓர் அலைக்கோடு, கோட்டுக்குக் கீழே இரட்டை இரட்டையாகப் புள்ளி. துணி விளிம்பை மறக்கிறவள் இல்லை டெய்லரம்மா. நீலப் பாவாடையிலும் இதேதான். தலை உரியவில்லை, கை மூடியிருக்கும் இடத்துக்கு நிறம் எதற்கு என்று பூசாமலே விட்டிருக்கிறார்கள்.

சந்தோஷத்தில் போனை எடுத்தவள், எண்ணை அழுத்துவதற்குள் நிறுத்திவிட்டாள்.

டெய்லரம்மாவின் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் கப்பல் வேலையில் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறான் என்பது அவன் சொன்னால்தான் தெரியும். ஆறு நாளும் அவள் கதவைத் தட்டுகிறவர்கள் கையில் கால்சட்டையோடு வருகிறவர்கள். அவளுக்காகவே தட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஜோடி கிடைத்துவிட்டால் அந்தத் தட்டலும் நின்றுபோகும். அண்ணியே தன் வாயால் சொன்னதுதானே. டெய்லரம்மா சொட்டைச்சியைத் துண்டில் சுற்றி பீரோவில் போர்வைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள். அடுத்த முறை அண்ணி வந்தபோது, பொத்தான்காரி எங்கே காணோம் என்று கேட்டாள். கை தவறி உடைந்துவிடுமோ என்று உள்ளே எடுத்து வைத்ததாகச் சொல்லி டெய்லரம்மா சமாளித்தாள். அண்ணி அதற்காக அவளைப் பாராட்டவும் செய்தாள்.

இப்படிச் சில வாரங்கள் போயின. பிறகு பெட்டிக்காரர் ஒருநாள் தூரத்திலிருந்தே கையைத் தட்டிக் கூப்பிட்டார். பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறந்துவைத்து வியாபாரம் செய்பவர் அவர்.

"ஒத்தையக்கா, வாங்க. உங்க மாப்பிள்ளை வந்திருக்கார்."

பெட்டிக்குள் வைக்கோலில் ஒரு பீங்கான் ஆண் படுத்திருந்தான். நீலக் கோட்டு. நீட்டிய கை, மேலே திரும்பிய உள்ளங்கை. அண்ணி முதல் சுற்றா இரண்டாம் சுற்றா என்பதையே மறந்து கையை நீட்டிவிட்டாள். அதைப் பார்த்துவிட்ட பெட்டிக்காரர் பணம் வேண்டாம் என்றார். அண்ணி வீட்டிலிருக்கும் கண் மூடும் பொம்மையைக் கொடுத்தால் போதும், அதைக் கேட்டு ஓர் ஆள் அலைகிறார் என்றார்.

டெய்லரம்மாவுக்கு அந்தப் பொம்மையின் கதை முழுக்கத் தெரியும். அந்தப் பொம்மை வரும்போது தலைமுடி இல்லை, ஒரு கண் உள்ளே விழுந்து கிடந்தது. அண்ணி ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதன் கண்ணை ஏற்றி, முடியை இழை இழையாகத் தைத்தாள். சட்டை தைத்தது டெய்லரம்மா. அவள் ஆயுளில் தைத்த எல்லாவற்றிலும் சிறிய கைப்பட்டி அந்தச் சட்டையில்தான் இருக்கிறது.

அண்ணி அந்த வாரம் முழுக்கச் சரியாகப் பேசவில்லை என்று அண்ணன் போனில் சொன்னான். அடுத்த ஞாயிறு அவள் இரண்டு பைகளோடு வந்தாள். ஒன்றில் நீலப் பாவாடைக்காரி, மற்றதில் கண் மூடும் பொம்மை.

பெட்டியின் மூடியைக் கவிழ்த்து மேடையாக்கினார்கள். நீலப் பாவாடைக்காரியை நிறுத்தி, அவள் கைக்குக் கீழே அவன் கையைக் கொண்டுவந்தார்கள். உயரம் பொருந்தியது. பக்கத்துத் தார்ப்பாய்க்காரர்கள்கூட வந்து ஆமாம் போட்டார்கள். அண்ணி மட்டும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ கண்ணு அவன் முகத்தைப் பாக்கலையே. செருப்பை இல்ல பாக்குது."

"புதுப்பொண்ணு, வெக்கப்படறா. நீங்க செருப்புக் கடையில வளத்த பொண்ணு வேற" என்றார் பெட்டிக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷம் தேடியவளுக்கு நம்பிவிட வேண்டும் என்று இருந்தது. நல்லதை நல்லது என்றும் ஒட்டவைத்ததை ஒட்டவைத்தது என்றும் ஒரு சுண்டலில் சொல்லுகிறவள், அந்த ஒருதரம் சுண்டிப் பார்க்காமலே பையைத் திறந்தாள். வெளிச்சத்துக்கு வந்த பொம்மை டக்கென்று கண்ணைத் திறந்தது. அது தன்னையே பார்ப்பதாக டெய்லரம்மாவுக்குத் தோன்றியது.

"அண்ணி, குடுக்காதீங்க."

அண்ணி திரும்பினாள்.

"அவ மாப்பிள்ளையைப் பாக்கலை. குழந்தையைப் பாக்குறா. குழந்தை என் பீரோல இருக்கு."

அண்ணி பொம்மையைப் படுக்கவைத்துக் கண்ணை மூடி, பைக்குள் வைத்தாள். என் மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று பெட்டிக்காரர் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி நடந்துகொண்டே, "பொண்ணுக்குக் குழந்தை இருக்காம், என்ன செய்யச் சொல்றீங்க" என்றாள். அவள் வேடிக்கையாகச் சொன்னாளா கோபத்தில் சொன்னாளா என்று டெய்லரம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

டெய்லரம்மாவின் வீட்டுக்கு வந்ததும் தையல் மேசையில் இடம் ஒதுக்கினார்கள். சொட்டைச்சியைத் துண்டிலிருந்து எடுத்து நீலப் பாவாடைக்காரியின் பக்கத்தில் அண்ணி மெல்ல நகர்த்தினாள். மெருகில்லாத உள்ளங்கை நிறமில்லாத உச்சியில் போய் உட்கார்ந்தது. நடுவில் ஒரு தாள்கூடப் போகாது. அலைக்கோடு இவள் பாவாடையில் முடிந்த இடத்தில் அவள் பாவாடையில் தொடங்கியது. தாய் குனிந்து மகளைப் பார்த்தாள். மகள் அண்ணாந்து தாயைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பொத்தான் கேட்டு ஏந்தவில்லை.

"என் கையால வாங்கி என் கையால குடுத்தேன். வாராவாரம் வந்து பாக்கவும் பாத்தேன்" என்றாள் அண்ணி. "மாப்பிள்ளை, மாப்பிள்ளைன்னு அலைஞ்சேனே. கடையில ஒருத்தி இப்படி ஜோடி எடுத்தான்னா நானே ஏணியை விட்டு இறக்கியிருப்பேன்."

பிறகுதான், எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். டெய்லரம்மா மறைக்கவில்லை. சீருடைக்கு வந்த தாய், பீரோ, போர்வை எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏம்மா சொல்லலை?"

"இவளுக்கு ஜோடி கிடைச்சிட்டா அலைச்சல் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை என் கதவை யார் தட்டுவா?"

அண்ணி கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பொருளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"முப்பது வருஷமா ஜோடி எடுத்துக் குடுக்குறேன். ஒரு ஜோடி வித்துப்போச்சுன்னு என்னைக்காவது கடையைப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்திருக்கேனா? பேச்சுக்குச் சொன்னதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டியே, அம்மாடி."

ஜோடியை யார் வைத்துக்கொள்வது என்று ஒரு சின்னச் சண்டை வந்தது. டெய்லரம்மா துண்டை எடுத்துக் கட்டிக்கொடுக்கப் பார்த்தாள். அண்ணி விடவில்லை. அன்றைக்குப் பாதிப் பரிசைக் கொடுத்துவிட்டு முழுசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மீதியைக் கொடுக்க இத்தனை நாள் ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்றாள். பொத்தான்களை அள்ளி மகளின் ஏந்தலில் போட்டாள். அளவு நாடாவை மட்டும் மகள் கழுத்துக்குப் பதிலாகத் தாயின் தோளில் சுற்றினாள்.

அடுத்த ஞாயிறு விடிந்தும் விடியாமலும் கதவு தட்டப்பட்டது. டெய்லரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கதவுக்கு உள்பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

சந்தையில் அண்ணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று போனாள். இரண்டாவது சுற்றில் பெட்டிக்காரரிடம் நின்றாள். அவர் பெட்டியில் ஒற்றைப் பித்தளை மெழுகுவத்தித் தாங்கி ஒன்று போன வாரம் வந்து கிடந்தது. அதன் ஜோடியை அண்ணி தன் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தாள். பையிலிருந்து அதை எடுத்துப் பெட்டியில் வைத்து, அதற்குப் பதிலாக நீலக் கோட்டுக்காரனைக் கேட்டாள். ஒற்றைக்கு ஒற்றை. பெட்டிக்காரருக்கு ஒரு ஜோடி சேர்ந்தது. அவர் வாயெல்லாம் பல்லாகக் கொடுத்துவிட்டார்.

"நீலப் பாவாடைக்காரி நின்ன இடம் காலியாத்தானே கிடக்கு" என்று அண்ணி அவனைத் துணியில் சுற்றப் போனாள். "இவனுக்கு எவளோ ஒருத்தி எங்கேயோ கையை நீட்டிக்கிட்டு நிப்பா."

"இருங்க அண்ணி. முதல்ல இவன் கண்ணு எங்க பாக்குதுன்னு பாருங்க."

அண்ணி அவனைச் சந்தையின் நடுவில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பெண்முகம் இருக்க வேண்டிய உயரத்தை அந்தக் கண் பார்க்கவில்லை. நீட்டிய உள்ளங்கையைத் தாண்டி, மேலே, வெகு மேலே பார்த்தது.

"பறவையா இருக்குமோ?" என்றாள் அண்ணி. நீலக் கோட்டுக்காரனை டெய்லரம்மாவின் பையில் விட்டதும் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. அவள் மறுபடி முதல் தார்ப்பாயிலிருந்து நடக்க ஆரம்பித்தாள்.