பள்ளிபாளையத்தில் திரும்பி வந்த ஒரு பிரதி

என் முதல் சிறுகதைத் தொகுப்பு சென்ற மாதம் வந்தது. பதினோரு கதைகள், பதினோரு ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் போய் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வரலாம் என்று பெருமையாகக் கிளம்பியவன், எட்டு ஊர் முடிவதற்குள் இடுப்பொடிந்து போனேன். ஒன்பதாவது பள்ளிபாளையம். அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அங்கே விசைத்தறி ஓட்டும் செல்வியக்கா, கணவரை விட்டு வந்த தன் கதையை முன்பு என்னிடம் சொல்லியிருந்தார். புத்தகமாக வரும் என்று சொன்னதோடு சரி; எழுதியதைக் காட்டி ஒரு வார்த்தை கேட்காமல் அச்சேற்றிவிட்டேன்.

தறிக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாதாந்திர மின்தடை நாளில் போங்கள். மற்ற நாட்களில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை தறிகள் சும்மா இருக்கும்.

அப்படியொரு நாளில்தான் சேலத்தில் மதியம் 1.10க்கு ஏறினேன். உட்கார இடமில்லை.

"செங்கோட்டுல காலியாவுமுங்க, அதுவரைக்கும் கம்பியப் புடிச்சுக்குங்க" என்றார் நடத்துநர். திருச்செங்கோட்டில் வண்டி மாறி, சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் மொத்தம் அறுபது ரூபாய், 3.40க்கு இறங்கினேன். கால் வீங்கிவிட்டது.

"வாங்க சாமி, புஸ்தகம் வந்திருச்சுங்களா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார் அக்கா. தறியில் சாய்ந்தபடி ஒரு மணி நேரம் படித்தார். நான் நூல் மூட்டை மேல் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாஞ் சரிங்க. கடைசில அவர ஏனுங்க ஊட்டுக்குள்ள உட்டீங்க?"

"முடிவு கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்னு மாத்தினேன்க்கா."

"அவரு மூணு தடவ வந்தாருங்க. நாந் தொறக்கல. எம்பட ஆயுசுல நானா நெனச்சுச் செஞ்சது அது ஒண்ணுதானுங்க. கூட வேல செய்யற புள்ளைங்ககிட்ட இதக் காட்டோணும்னு இருந்தேன். எப்புடிக் காட்டறது?"

அவர் கோபப்படவில்லை. அட்டையை முந்தானையால் துடைத்துப் புத்தகத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் மின்சாரம் வந்து, வரிசையாகத் தறிகள் ஓட ஆரம்பித்தன. அவர் அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: சேலத்திலிருந்து பள்ளிபாளையம் வழியாக ஈரோடு செல்லும் நேர் பேருந்தைப் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், வண்டி மாற வேண்டியதில்லை. கதை எழுதுகிறவராக இருந்தால் அச்சுக்குக் கொடுக்கும் முன்பே போய் வந்துவிடுங்கள். நான் ஐந்நூறு பிரதி அடித்த பிறகு போனேன்.