முடிவுக்குறி இல்லாத பெயர்

ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால், கரிசல் காட்டின் நடுவே இருந்த ஒரு பட்டாசு ஆலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, ஏனைய ஊழியர்கள் கைப்பேசிகளை வாயிலறையில் ஒப்படைத்துவிட்டு உள்ளே சென்றிருந்தனர். நான்கு பெண்கள் மட்டும் வெளியே நின்றனர். மூவர் ஒருபுறம், இளையவள் ஒருத்தி சற்று விலகி.

விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் சி என்னும் கணினி மொழியைக் கற்பித்தவன் என்பதால் ஆலை மேலாளர் என்னை அழைத்திருந்தார். வாயிலில் இருந்த கருவியில் விரல் பதித்தால் ஊழியரின் பெயரும் அறை எண்ணும் ஒரு மின்பலகையில் சிவப்பு எழுத்துகளாய்த் தோன்றும். இளையவள் விரல் பதித்தால் மட்டும், அவள் பெயரோடு ஒட்டியவாறே இன்னொரு பெயரும் தோன்றிற்று. அது அவளுடைய சித்தி மகளின் பெயர். சென்ற சீசனில் நேர்ந்த வெடிவிபத்தில் இறந்தவள்.

வெடிமருந்து நிரப்பும் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி.

"ரூமுக்கு நாலு பேருதான் ஐயா. இவ வந்தா அவளும் சேந்து அஞ்சாகுது. நாங்க எப்படி உள்ள போக?" என்றார் மூவரில் மூத்தவர்.

"அஞ்சாவது ஆளு சத்தமில்லாம வேல பாக்கும்த்தா, உனக்கென்ன," என்றார் அவர்கள் வேலையை மேற்பார்க்கும் ஃபோர்மேன். எவரும் சிரிக்கவில்லை.

இளையவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "இந்த வாரம் பூரா வேன்ல வந்து அப்படியே திரும்புறேன். இன்னைக்கும் சரியாகலன்னா வேற ஆளப் போட்டுக்கிடுவாகளாம்."

"செத்த பிள்ள பேர அன்னைக்கே எடுத்தாச்சே," என்றார் மேலாளர்.

அந்தப் பலகையை இயக்கும் கணினி நிரலைத் திறந்தேன். சி மொழியில் ஒரு சொல்லுக்குத் தன் நீளம் தெரியாது. இறுதியில் சுழியம் ஒன்று முடிவுக்குறியாக நிற்க வேண்டும். அது தென்படும் வரை கணினி வாசித்துக்கொண்டே செல்லும். அண்மையில் அதே பெயரில் வேறொருத்தி பணியில் சேர்ந்ததால், இளையவளின் பெயருக்கு முன் அவள் ஊரையும் சேர்த்திருந்தனர். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் நினைவகத்தில் மூன்று இடம் கொள்ளும்; புள்ளியோ கொம்போ சேர்ந்தால் ஆறு. நீண்ட பெயர் தனக்குரிய இடத்தை விளிம்புவரை நிறைத்துவிட்டது. பெயரை அங்கே நகலெடுத்து வைக்கும் நிரல்பகுதியான செயற்கூறோ, இடம் நிறைந்ததும் முடிவுக்குறி இடாமலே திரும்பிவிடும் இயல்பினது.

அடுத்த இடம் இறந்தவளுடையது. இருவரும் ஒன்றாகப் பணியில் சேர்ந்தவர்கள். நீக்குதல் என்று அந்நிரல் செய்ததெல்லாம், 'இவர் இல்லை' என ஓர் அடையாளம் வைத்ததே. பெயர் அங்கேயே இருந்தது, ஓர் எழுத்தும் சிதையாமல். மேலும் கீழே சென்றேன். விலகியவர்கள், இறந்தவர்கள், எல்லாரும் தத்தம் இடத்தில் இருந்தனர். 

நகலெடுக்கும் செயற்கூறைப் புதிதாய் எழுதினேன். சேருமிடத்தின் அளவைக் கேட்டறிந்த பின்னரே அது தொடங்கும். முடிவுக்குறியை எந்நிலையிலும் இடும். பெயர் கொள்ளாதெனில் ஓசையின்றி வெட்டாது, கொள்ளவில்லை என்று சொல்லும். பெயர்களுக்குரிய இடத்தை அகலப்படுத்தினேன். நீக்கும் செயற்கூறு இனி அவ்விடம் முழுவதையும் சுழியங்களால் நிரப்பும். இறந்தவளின் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு, அதன்மீது அதை இயக்கினேன்.

இளையவள் மீண்டும் விரல் பதித்தாள். அவள் ஊரும் பெயரும் அறை எண்ணும் மட்டுமே தோன்றின. பலகையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாள்:

"அப்ப இம்புட்டு நாளும் அவ இதுக்குள்ளதான் இருந்தாளா ஐயா?"

இல்லை என்றிருந்தால் மற்ற மூவரும் எளிதாக அமைதி கொண்டிருப்பர். ஆனால் நான் கண்டது வேறு.

"பெயர் இருந்தது அம்மா. இப்போது இல்லை."

"அது போனத நீங்க கண்ணால பாத்தீகளா?" என்றார் மூத்தவர்.

"பார்த்தேன்."

அவர் மற்ற இருவரையும் நோக்கினார். பின்னர் இளையவளிடம், "வா, வெயில் ஏறுது," என்றார்.

அவர்கள் அறையை நோக்கி நடப்பதை வாயிலில் நின்று பார்த்தேன். உடலில் தேங்கிய மின்னேற்றம் இறங்குவதற்காக அறைவாசலில் பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டு, மூவரும் ஒருவர்பின் ஒருவராய் உள்ளே சென்றனர். இளையவளும் தொட்டாள். உடனே நுழையவில்லை. பின்னால் வருபவருக்கு வழிவிடுவதுபோல் வாசலில் சற்று ஒதுங்கி நின்றாள். அதன் பிறகே உள்ளே போனாள்.