பத்து யார் சங்கிலி

மகன் அணியை விட்டுப் போகிறான் என்பதை இராஜரட்ணம், அவன் படிக்கிற கல்லூரியின் விளையாட்டுச் செய்திப் பக்கத்தில் வாசித்துத்தான் அறிந்தார். மகன் அப்போது மேல்மாடியில் குளித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை தேத்தண்ணியோடு அந்தப் பக்கத்தைப் பார்ப்பது அவருடைய வழக்கம். சின்னக் கல்லூரி, சின்ன அணி. வெற்றிச் செய்தியைவிடக் காயச் செய்திதான் கூட வரும். அன்று ‘மாறிச் செல்வோர்’ என்று ஆறு பெயர்கள். நான்காவது ஜதுர்சன் இராஜரட்ணம். இரண்டு மணித்தியாலத் தூரத்திலுள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகிறானாம். தன்னுடைய பெயரையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டது.

“உமக்குத் தெரியுமோ?” என்று மனைவி யோகராணியிடம் கேட்டார்.

“ஓம். சொன்னா நீங்கள் மறிப்பியள் எண்டு பயந்தவன். காற்றுள்ளபோதே தூற்றவேணும் தானே அப்பா?”

தூற்றட்டும். அவர் மறித்திருக்கவே மாட்டார். அதைத்தான் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கோபம் வரும் என்று பார்த்திருந்தார், அதுவும் வரவில்லை. ஜனவரியில் கையுறை போடாமல் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டினால் விரல் எப்படி மரத்துப்போகுமோ, அப்படிக் கிடந்தது மனம். மகன் பெட்டியோடு போன அன்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு தகப்பனுக்கும் மகனுக்கும் கதை இல்லை. போன் தாய்க்கு வரும். “அப்பா?” என்பான். “இருக்கிறார்” என்பாள். இருந்தார்தான்.

இந்தப் பந்து காலால் உதைக்கிற பந்தல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பந்தைக் காவிக்கொண்டு ஓடி, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற பந்து. மார்க்கம் நகரத்துக் களஞ்சியம் ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டுகிற மனிதருக்கு அதில் விளங்கியது ஒன்றேயொன்று: மூன்று தரத்துக்குள் பத்து யார், அதாவது முப்பது அடி, முன்னுக்குப் போகவேண்டும், போகாவிட்டால் பந்து மற்றவனுக்கு. அந்தப் பத்து யாரை அளக்கக் கோட்டோரத்தில் ஒரு சங்கிலி, இரண்டு பக்கமும் தடி. மகன் சேர்ந்த வருடம், செய்திப் பக்கம் எழுதுகிற யூஜினிதான் முன்தடியை இவர் கையில் கொடுத்தாள்.

“செயின் பிடிக்கிற ஆக்கள் கைதட்டேலாது அங்கிள். ஒரு பக்கமும் இல்லை.”

மகன் கோடு தாண்டி ஓடியபோதெல்லாம் அவர் கைதட்டவில்லை. மகன் போனபிறகும் சனிக்கிழமைகளில் வந்து தடியைப் பிடித்தார். “மகன்தான் போயிட்டானே, இன்னும் ஏன்?” என்று மோர்னிங்சைட் தெருத் தமிழ்க் கடைவாசலில் கேட்டவர்களுக்குச் சிரித்துக் காட்டினார்.

மாறிப்போனவன் ஒரு வருடம் விளையாடக்கூடாது என்பது விதி. அந்த வருடமும் கழிந்து, அடுத்த ஒக்டோபரில் மகனுடைய புது அணி இங்கே ஆட வந்தது.

“இண்டைக்கு நீங்கள் விடுங்கோ அங்கிள்,” என்றாள் யூஜினி.

“வேற ஆர் இருக்கினம் பிள்ளை?”

ஒருவரும் இல்லை. சின்னக் கல்லூரி அல்லவா. அவரே பிடித்தார்.

கடைசி நிமிடம். இங்கத்தைய அணி மூன்று புள்ளி முன்னுக்கு. மூன்றாம் தரம் பந்தோடு ஓடி வந்தவன் ஜதுர்சன். நாலு பேர் சேர்ந்து அவனை விழுத்தினார்கள். பத்து யார் ஆகிவிட்டதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாத இடத்தில் பந்து கிடந்தது. நடுவர் சங்கிலியைக் கூப்பிட்டார்.

இராஜரட்ணம் தடியோடு மைதானத்துக்குள் நடந்தார். மகன் பந்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். இருபத்திரண்டு மாதத்துக்குப் பிறகு, கை நீட்டினால் தொடுகிற தூரம். தடியைக் கொஞ்சம் சாய்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எந்தப் பக்கம் சாய்க்க மனம் வருகிறதென்று பார்த்தார். ஒரு பக்கமும் வரவில்லை. வழமைபோல இழுத்து, நேராக ஊன்றினார்.

பந்து எட்டவில்லை. நடுவர் கையைத் திருப்பிக் காட்டினார். இங்கத்தைய பெடியள் கத்திக்கொண்டு துள்ளினார்கள்.

மகன் எழும்பவில்லை. நிமிர்ந்து, நடுவரை விட்டுவிட்டு, இவரைப் பார்த்தான்.

“அப்பா, ரியலி?”

சங்கிலி பிடிக்கிறவர் மைதானத்துக்குள் கதைப்பதில்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கு யாராவது முகத்துக்கு நேரே சொல்லத்தானே வேண்டும்.

“நாலு விரல் குறையுது, தம்பி.”

அவன் தலையாட்டினான். “ஓகே அப்பா,” என்று எழும்பிப் போனான்.

பந்து கைமாறிவிட்டது, சங்கிலியைத் திரும்பப் போடவேண்டும். மரத்த விரல் சூடேறும்போதுதான் நோகும். கோட்டோரத்துக்கு வந்து தடியை ஊன்றிய பிறகுதான் இராஜரட்ணத்துக்கு நோகத் தொடங்கியது.