என் கேள்வியைக் கேட்டவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கிள்ளானில் வீடு, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை, மீதி நேரத்தில் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துக்குச் செயலாளர் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ரத்த தான முகாம், பேச்சுப் போட்டி, பிள்ளைகளுக்கு டியூஷன், இவைதான் எங்கள் மன்றம் செய்த பெரிய காரியங்கள். அப்படிப்பட்ட என்னை ஒரு சர்வதேசப் பாதுகாப்பு மாநாட்டுக்கு ‘இளம் தலைவர்’ என்று சொல்லி அழைத்துவிட்டார்கள்.

பல நாடுகளின் அமைச்சர்கள், ஓய்வு பெற்ற தளபதிகள், தூதர்கள் எல்லாம் மூன்று நாள் கூடிப் பேசும் மாநாடு. அந்த முறை புதிதாக இளைஞர்களையும் கூப்பிட்டுப் பெரியவர்களோடு உட்கார வைப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். என்னைக் கடல் பாதுகாப்புக் குழுவில் போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம் அந்தப் பெரியவர்கள் முன்னால் ஒரு நாட்டுக்கு ஒரு கேள்வி கேட்க இடம் கொடுப்பார்கள். அந்த ஒரு கேள்வியை நான்தான் கேட்க வேண்டும் என்று அழைப்பு வந்த நாளிலிருந்தே எனக்கு வெறி.

கேள்வி தயாராக இருந்தது. சில மாதங்களுக்கு முன் நீரிணையில் கொள்ளையர் ஏறிய ஒரு சரக்குக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. அதன் சமையல்காரர் கையில் கட்டோடு எங்கள் கவுண்டரில் நின்று, போலீசுக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். புகார் கொடுத்தால் விசாரணைக்காகக் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் அடுத்த பயணத்தில் அவருக்கு வேலை இருக்காது. சரக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, கப்பலுக்கும் உண்டு, அடிபட்ட இந்த மனிதருக்காக எந்த நாடு பேசும்? இதைத்தான் கேட்க நினைத்தேன். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. பதற்றம் வந்தால் பேச்சு எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓடும். கிளம்பும்போது அம்மாகூட வாசல் வரை வந்து, “அங்கயும் போயி கடகடன்னு பேசி வைக்காத லா, ஒன்னும் புரியாது” என்றுதான் வழியனுப்பினார்.

முதல் நாள் போனதும்தான் தெரிந்தது, கடல் பாதுகாப்புக் குழுவில் மலேசியாவுக்காக இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று. அவளும் தமிழ்ப் பெண். பிரிக்பீல்ட்ஸில் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா காலத்திலிருந்து அரசாங்க வேலை, அப்பா ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அவளோ வக்கீல். என் அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த மலாய் அக்கா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்து, நீங்கள் சொந்தக்காரர்களா என்று கேட்டார். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொறாமை எனக்கு அந்த நிமிடமே தொடங்கிவிட்டது. நான் அண்ணியிடம் இரவல் வாங்கிய பட்டுச் சேலையில் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி சரசரவென்று நடந்துகொண்டிருந்தேன். அவள் சாதாரணப் பருத்திச் சேலையில் வந்திருந்தாள், தூதர்களின் மனைவிமார் அவளிடம் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். சரி, எளிமைதான் இங்கே எடுபடும் போல என்று மறுநாள் நானும் பருத்தி கட்டிக்கொண்டு போனால், அவள் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங்கில் வந்து நின்றாள். ஏற்பாட்டுக் குழு அக்காமார்கள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அதுவும் போகட்டும். நான் விடியும் முன்னே எழுந்து, இரண்டு பஸ் மாறி, முகத்தில் எண்ணெய் வழிய வந்து சேருவேன். அவளை அப்பா காரில் கொண்டுவந்து ஹோட்டல் வாசலில் இறக்கிவிடுவார். நான் ஒரு தளபதியிடம் பேச வேண்டுமென்றால் மனசுக்குள் மூன்று தடவை வாக்கியத்தை அடுக்கி முடிப்பதற்குள் அவர் வேறு பக்கம் திரும்பியிருப்பார். அவளோ காபி எடுக்கப் போன இடத்தில் ஓர் அமைச்சரிடம் மழையைப் பற்றி ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிட்டு வருவாள். அவள் ஒரு தடவையாவது உளறுவாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உளறவே இல்லை.

இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மலாய் அக்கா வந்து, உங்கள் இருவரில் யார் கேட்பது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார். நான் ஒரு பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராக இருந்தேன். நான் என்ன கேள்வி வைத்திருக்கிறேன் என்று அவள் விசாரித்தாள். சொன்னேன். சமையல்காரரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் கேட்டுவிட்டு, “நீங்களே கேளுங்கோ. உங்கட கேள்விதான் நல்லது” என்று சொல்லிவிட்டாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாக யாராவது விட்டுக்கொடுப்பார்களா? நான் போய் உளறட்டும் என்று பார்க்கிறாளோ? பிச்சை போடுகிறாளோ? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் மண்டபத்துக்குள் போனேன்.

மேடையில் ஐந்தாறு பெரியவர்கள். நடுவில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர். கடலை நம்பிப் பிழைக்கும் ஒரு சின்ன நாட்டில் பல வருடம் அமைச்சராக இருந்தவர், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது பத்திரிகையில் வரும் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் மேசைக்கு மைக் வந்தது. அவள் அதை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வாயைத் திறந்தேன். ரயில் கிளம்பிவிட்டது. கப்பல், கொள்ளையர், சமையல்காரர், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. வெள்ளைத் தாடிக்காரர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார். கண்ணாடி அறைக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன், இன்னும் வேகமாக. அப்போது பக்கத்திலிருந்து அவள் என் முழங்கையைத் தொட்டு, “ஆறுதலா… ஆறுதலா” என்று மெல்லச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் ஆறுதல் சொல்வது என்றால் சாவு வீட்டில் சொல்வது, இல்லையென்றால் பரீட்சையில் கோட்டை விட்டவனுக்குச் சொல்வது. நான் இன்னும் கேள்வியைக் கேட்டே முடிக்கவில்லை, அதற்குள் நான் தோற்றுவிட்டேன் என்று இவள் தீர்மானித்து எனக்கு ஆறுதல் சொல்கிறாள். இரண்டு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் தலைக்கு ஏறியது. மைக்கை அவள் முன்னால் தள்ளி, “ஒங்க ஆறுதல் எனக்கு வேணாம். நீங்களே கேளுங்க” என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. மண்டபமே எங்களைப் பார்த்தது. ஓரிரு விநாடி என்னைப் பார்த்தாள், பிறகு மைக்கை எடுத்தாள். இது என் தோழியின் கேள்வி, அவர் சார்பில் கேட்கிறேன் என்று தொடங்கி, நான் சொன்ன சமையல்காரரை, அவர் கைக்கட்டை, அவர் கெஞ்சியதை, ஒன்றுகூட விடாமல் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கேட்டாள். வெள்ளைத் தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அதற்கு நீளமாகப் பதில் சொன்னார். அமர்வு முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

நான் ஒதுங்கி நின்று அதைப் பார்த்தேன். என் கேள்வி, என் சமையல்காரர், என் துறைமுகம். கை குலுக்கல் மட்டும் அவளுக்கு. தோழியின் கேள்வி என்று அவள் நேர்மையாகச் சொன்னதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலாவது திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

சாயங்காலம் பேய் மழை. ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அவளும் அவள் அப்பாவும் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம், கிள்ளான் பஸ் நிற்கும் இடத்தில் தாங்களே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்கள். மறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் நெருக்கமான ஒரு சந்தில் அவர்கள் வீடு. தேநீரும் முறுக்கும் வந்தன. நான் அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது அவள் அப்பா காரைப் பின்னால் எடுத்தார். அவள் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்று, “இஞ்சேருங்கோ, ஆறுதலா எடுங்கோ. ஆறுதலா… பின்னுக்கு லோங்காங் இருக்கு” என்று கத்திக்கொண்டிருந்தார். சாக்கடைக்குள் டயர் இறங்காமல் கார் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். “ஒங்கம்மா எதுக்குக் காருக்கு ஆறுதல் சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“மெதுவா எடுக்கச் சொல்லுறா. ஏன், நீங்கள் அப்பிடிச் சொல்ல மாட்டீங்களோ?” என்றவள், பாதியில் நிறுத்திவிட்டாள். “மத்தியானம் நான் சொன்னதை நீங்கள் வேற மாதிரி விளங்கிட்டீங்களோ?”

“இல்ல லா. மைக் சரியில்ல, அதான்” என்றேன். அவள் அதை நம்பவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

தப்பு நம் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால் பொறாமை குறைந்துவிடும் என்று நினைப்பீர்கள். எனக்குக் கூடியது. அதுவரை அவளை வெறுக்க ஒரு சாக்காவது இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது. மெதுவாகப் பேசு என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறாள், நான் அத்தனை பேர் முன்னால் அவளிடம் சீறியிருக்கிறேன், அவளோ எனக்கு முறுக்குக் கொடுத்து காரில் ஏற்றி அனுப்புகிறாள். குணத்திலும் அவள்தான் மேலே. பஸ் கிள்ளான் போய்ச் சேரும் வரை எனக்கு அழுகையும் கோபமுமாக இருந்தது.

மறுநாள் காலை அப்பா கடையிலிருந்து பத்திரிகை வாங்கி வந்தார். அவளும் வெள்ளைத் தாடிக்காரரும் கை குலுக்கும் படம் வந்திருந்தது. அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “இந்தா ஓரத்துல தெரியுதே, இது ஒன் சேலதான?” என்றார். ஆமாம் என்றேன். அந்தச் சேலை முந்தானைக்காகவே அதைக் கத்தரித்து எடுத்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாளுக்குப் போகவே வேண்டாம் என்றுதான் இருந்தது. அப்பாவின் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுப் போனேன். கடைசிச் சாப்பாடு. ஒரு மூலையில் காலி மேசையாகப் பார்த்து உட்கார்ந்து மீன் கறியைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த மலாய் அக்கா யாரையோ அழைத்துக்கொண்டு வந்து, “இவங்கதான் அந்தத் தோழி” என்று என்னைக் காட்டினார். பின்னால் வெள்ளைத் தாடிக்காரர் நின்றார்.

கையில் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சமையல்காரருக்கு என்ன ஆயிற்று, அவர் பெயர் என்ன, இப்படி எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் என் வழக்கமான வேகத்தில்தான் பேசினேன், புரியாத இடத்தில் அவர் கையைத் தூக்குவார், மறுபடி சொல்வேன். மீன் கறியின் காரத்தில் அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. வாக்குக் கொடுக்கத் தன்னால் முடியாது, ஆனால் ஊருக்குப் போனதும் இந்தச் சமையல்காரரைப் பற்றிக் கட்டாயம் பேசுவேன் என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை தூதர்களும் எங்கள் மேசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நானும் திரும்பினேன். பழத் தட்டுகள் வைத்திருந்த பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாப்பாடு அப்படியே இருந்தது. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் இரண்டு நாளாக அதைத்தான் முகத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு நிமிடம் எனக்கு அது தேனாக இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு என்னவோ தாங்க முடியாமல், பக்கத்து நாற்காலியில் இருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளைக் கை காட்டிக் கூப்பிட்டேன்.

அவர் எழுந்து போன பிறகும் நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவள்தான் முதலில் பேசினாள். “நேத்து கை குடுத்திட்டு அவர் என்னட்ட முதல்ல கேட்டது, உங்கட தோழி எங்கை எண்டுதான்” என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்குக் கேக்க ஒரு கேள்வியும் இருக்கேல்லை. அதாலதான் மைக்கை உங்களிட்டத் தந்தனான். மூண்டு நாளா உங்களைப் பாக்க எனக்கு ஒரே எரிச்சல்.”

அவள் வேறு யாரிடமும் சொல்லியிருக்க முடியாத ஒன்றை என்னிடம் வந்து சொன்னாள். எனக்கும் அவளிடம் திருப்பிச் சொல்ல அதே வார்த்தைகள் இருந்தும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது, இனியும் எரியும். ஆனால் என்னைப் பார்த்தும் ஒருத்தி எரிச்சல்படும் அளவுக்கு என்னிடம் ஏதோ இருந்தது என்பதை, அவள் அன்று வாய் திறந்து சொல்லாமல் போயிருந்தால், நான் கடைசி வரை தெரிந்துகொண்டிருக்கவே மாட்டேன்.