டீச்சர் காரின் தோல் வில்லை

என் மேசை இழுப்பறையில் ஒரு தோல் வில்லை கிடக்கிறது. உள்ளங்கை அகலம், நடுவில் ஓட்டை, நீலமும் சாம்பலும் கலந்த நிறம். விளிம்பில் ஓரிடம் மட்டும் கறுத்திருக்கும். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் அதை எடுத்துப் பார்த்து, டம்ளர் வைக்கிற தட்டா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அறுபது வருஷத்துக்கு முன்னால் அது ஒரு காரின் பின்சக்கரத்தைத் தரையை விட்டு எழும்பாமல் பிடித்து வைத்திருந்தது என்று ஆரம்பித்தால், அந்தக் காரை ஓட்டிய டீச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

நான் பயந்த சுபாவம். இன்றைக்கும் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். உண்மையில், எழுந்து நின்று கரும்பலகையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம்தான் என்னை வெளியே தள்ளியது. இரும்பு கேள்வி கேட்காது என்று நினைத்து மெக்கானிக் ஆனேன். ஆம்பூரில் பாய் ஒருவரின் பட்டறையில் எனக்கு மேஸ்திரி என்று பெயர் வந்தபோது வயது முப்பது. அங்கே டேனரி லாரிகள்தான் அதிகம் வரும். நான் ஒரு நட்டை முடுக்கினால் அதை அவிழ்க்க இரண்டு ஆள் வேண்டும் என்று பாய் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அது பாராட்டு மாதிரிதான் இருந்தது.

ஒரு ஏப்ரல் மாதம் டீச்சர் ஜட்காவில் வந்து இறங்கினார். ஜட்காக்காரர் கை நீட்டியதும், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கம்பை ஊன்றி, இரும்புச் சட்டம் கட்டிய வலது காலை முதலில் தரையில் வைத்து, பிறகு மெதுவாக உடம்பை இறக்கினார். முகம் முழுக்க வியர்வை. என் வயதுதான் இருக்கும். இளம்பிள்ளை வாதம் சின்ன வயசிலேயே அந்தக் காலை எடுத்துக்கொண்டதாம். அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். குடும்பம் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில். உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவரை நாட்றம்பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஜூனில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். பஸ் படி அவருக்கு எட்டாது. கண்டக்டர்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைப்பார்.

யுத்தத்துக்கு முந்தைய ஒரு சின்னக் காரை, ஓடாது என்று ஒதுக்கியதை, வாங்கியிருந்தார். அதன் சீட்டு தன் வீட்டு நாற்காலி உயரத்துக்கு இறங்க வேண்டும் என்றார். நாற்காலியின் உயரத்தை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துவந்திருந்தார்.

பாய் நல்ல மனுஷன். "டீச்சரம்மா, இது பேஜார் புடிச்ச வேலை. பேசாம ஒரு டிரைவர் வெச்சுக்கோங்க" என்றார்.

"டிரைவர் வண்டிய ஓட்டுவான் பாய். என்னை யாரு தூக்கி வெக்கிறது? அதுக்குப் பதிலு சொல்லுங்க."

வண்டி பட்டறைக்கு வந்ததும் பாய் அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிரேக்கை இடது காலுக்கு எட்டும்படி நகர்த்தினேன். ஆக்சிலரேட்டரையும் கிளட்சையும் கைப்பிடிகளாக்கி ஸ்டீயரிங் பக்கம் கொண்டுவந்தேன். ஏறும்போது இடிக்கிற தகரக் கூரையை எடுத்துவிட்டுக் கித்தான் போட்டேன். கதவையும் பாதியாக வெட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டாக்களை உலையில் காய்ச்சி, வளைவை நிமிர்த்தி, வண்டியைத் தாழ்த்தினேன். நூல் முடிச்சுக்குச் சரியாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. பள்ளத்தில் இடித்தால்? அந்த அம்மா ரோட்டில் தனியாக நின்றால்? யோசித்து யோசித்து, பின்பக்கம் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இரண்டு பட்டா கூடச் சேர்த்தேன். வண்டியின் எடையைக் குறைத்தவனும் நான்தான், ஸ்பிரிங்கை லாரிக்குப் போடுகிற மாதிரி விறைப்பாக்கியவனும் நான்தான்.

விறைத்த ஸ்பிரிங் அமுங்கினால் அதே வேகத்தில் உதைக்கும். கனமான வண்டி அந்த உதையைத் தாங்கிக்கொள்ளும். லேசான வண்டியில் சக்கரமே தரையை விட்டுக் கிளம்பும். கிளம்பிய சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. அந்த உதையை அடக்கத்தான் ஷாக் அப்சார்பர், நாங்கள் ஷாக் என்போம். அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளில் இரண்டு கைகளைக் கத்தரிக்கோல் மாதிரி பூட்டி, நடுவில் தோல் வில்லைகளை வைத்து, ஒரு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். தோல் உரசுவதில்தான் உதை அடங்கும். பழைய வில்லைகள் எண்ணெய் குடித்து வழுக்கின. ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம்? ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட, செருப்பின் அடிக்கு வைக்கிற கெட்டித் தோலாகப் பார்த்து வெட்டிப் போட்டேன். என் வழக்கப்படி இறுக்கினேன். டீச்சர் ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழகினார், நன்றாகத்தான் ஓடியது.

மே மாதம் வண்டிக்கு அனுமதி வாங்க வேலூரில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் போனோம். முப்பது மைல் வெயிலில் ஓடி, ஆபீஸ் வாசலில் நிற்கும்போதே பின்பக்கம் முடி கருகுகிற வாடை. இன்ஸ்பெக்டர் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச தூரத்திலிருந்த சின்னப் பாலத்துப் பள்ளத்தருகே பிரேக் போடச் சொன்னார். வண்டியின் பின்பாகம் இரண்டு தடவை குதித்து, பக்கவாட்டில் நகர்ந்து, மண்ணில் போய் நின்றது.

"முயலு மாதிரி குதிக்குது. கைகால் நல்லா இருக்கிறவனே இதை ஓட்ட முடியாது. உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார். பத்து நாள் தவணை கொடுத்தார். அதற்கப்புறம் கொண்டுவர வேண்டாம் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டாக்களை எடுத்தால் ஆக்சில் இடிக்கும். வண்டியை உயர்த்தினால் டீச்சர் ஏற முடியாது. ஷாக்கை இந்த ஸ்பிரிங்குக்குப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பட்டறையில் அவிழ்த்துப் பார்த்தால், வில்லைகள் கருகி, சுருங்கி, கண்ணாடி மாதிரி பளபளத்தன.

டீச்சர் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். மறுநாள் காலையில் அடுப்பு மூட்டச் சொன்னார். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு தோல் துண்டுகளைப் போட்டார். என் பட்டைத் தோல் உளுந்து அப்பளம் எண்ணெயில் சுருள்கிற மாதிரி சுருண்டது. அவர் கொண்டுவந்த துண்டு போட்டபடியே கிடந்தது. அது குரோம் உப்புப் போட்டுப் பதனிட்ட தோல். குடியாத்தம் விசைத்தறிகளுக்கு வார் வெட்டுகிற ஒரு டேனரியில், அப்பாவுக்குத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கியது. டேனரியில் தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க இப்படித்தான் வேகவைப்பார்களாம். தோல் ஊரிலேயே பிறந்த எனக்கு அது தெரியவில்லை. பதனிட்ட தோலெல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

புது வில்லைகள் சூடு தாங்கின. எவ்வளவு இறுக்குவது என்பது அடுத்த கேள்வி. நான் இறுக்கினால் ஸ்பிரிங் அசையவே இல்லை. வண்டி கட்டை மாதிரி துள்ளியது. தளர்த்தினால் பழையபடி உதைத்தது. டீச்சர் ஒரு சிலேட்டைக் கேட்டு வாங்கி வண்டியின் உடம்பில் கட்டவைத்தார். ஆக்சிலில் ஒரு பலப்பம். சக்கரம் ஏறி இறங்குகிற அளவுக்குச் சிலேட்டில் கோடு விழும். இறுக்கி ஓட்டினால் ஒரு புள்ளிதான் விழுந்தது. தளர்த்தினால் சிலேட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு. ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டு நட்டை ஒரு மயிரிழை திருப்பினோம். இப்படி ஆறு நாள். ஒன்றரை விரல் நீளத்துக்குக் கோடு விழுந்த அன்று, டீச்சர் ரோட்டுப் பள்ளம் ஒன்றிலேயே பிரேக் போட்டார். வண்டி குனிந்தது, நின்றது. நட்டிலும் ஷாக்கின் கையிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டக் கூடாது என்றார்.

மறுபடி வேலூர். டீச்சர் உள்ளே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வண்டிப் பக்கத்தில் நின்றேன். முப்பது மைல் ஓடியிருக்கிறதே, தளர்ந்திருந்தால்? வெள்ளைக் கோடு நேராகத்தான் இருந்தது. கண்ணால் பார்த்தேன். பார்த்தும் கை நிற்கவில்லை. ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்கமும் அரைத் திருகு இறுக்கிவிட்டேன். இறுக்கியதும்தான் மூச்சு வந்தது.

டீச்சர் வந்தார். ஏறுவதற்கு முன்னால் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கையை மட்டும் நீட்டினார். ஸ்பேனரைக் கொடுத்தேன். ஆபீஸ் வாசலில், இன்ஸ்பெக்டரும் பியூனும் லைசென்ஸுக்கு வந்த பத்துப் பதினைந்து ஆண்களும் பார்க்க, அவர் புழுதியில் உட்கார்ந்தார். இரும்புச் சட்டக் காலை நேராக நீட்டிக்கொண்டு, வெள்ளைப் புடவை மண்ணாக, அந்த நட்டைத் திருப்பினார். என் முடுக்கு லேசில் வராது. உதட்டைக் கடித்துக்கொண்டு கம்பின் முனையை ஸ்பேனரில் வைத்து அழுத்தினார். நான் உதவப் போனேன்.

"இன்னா மேஸ்திரி, வண்டி பயந்துச்சா நீங்க பயந்தீங்களா?" நிமிராமலே கேட்டார். "தள்ளி நில்லுங்க. இது என் வண்டி. விழுந்தா நான்தானே விழப்போறேன்."

கோட்டோடு கோடு சேர்ந்தது. அடுத்த பக்கத்துக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்துபோய் அதையும் முடித்தார். எழுந்து நிற்க நேரமானது. இன்ஸ்பெக்டர் கையைக் கொடுக்க ஓர் அடி முன்னால் வந்தவர், என்ன நினைத்தாரோ, அங்கேயே நின்றுவிட்டார். டீச்சர் தானே எழுந்து, சீட்டில் உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, "போலாமா சார்?" என்றார்.

நான் பாலத்தருகே போய் நிற்கவில்லை. பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி திரும்பி வந்த சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் இறங்கினார், கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. பதினோரு வருஷம் டீச்சர் அந்த வண்டியில் நாட்றம்பள்ளி போய்வந்தார். ரோட்டில் போகிறவர்கள், தரையில் ஊர்கிற வண்டி என்று கேலி செய்தார்கள். அவர் ஹாரன் அடித்துக் கடந்துபோவார். வருஷத்துக்கு ஒருமுறை வில்லை மாற்றுவேன். முடுக்கும்போது டீச்சர் பக்கத்தில் இருப்பார், வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு. கழற்றியதில் ஒன்றைத்தான் எடுத்து வைத்தேன்.

போன மாதம் மகன் புது வண்டி வாங்கினான். திண்ணை உயரத்துக்கு நிற்கிற வண்டி. இப்போது எனக்கு இரண்டு முட்டியும் சரியாக மடங்குவதில்லை. "கைய என் தோள்ல போடுப்பா, தூக்கி உட்கார வெச்சுர்றேன்" என்றான். நல்ல பிள்ளை. மனசுக்குள் வழக்கமான பயம் எல்லாம் வந்தது. வழுக்கினால், விழுந்தால், இடுப்பு போனால். சட்டைப் பையில் தோல் வில்லை இருந்தது, அன்றைக்கு எதற்கோ எடுத்துப் போட்டிருந்தேன். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தள்ளி நில்லுடா" என்றேன்.

நேரம் ஆனது. ஏறிவிட்டேன்.